வரவு எந்தப் பக்கம்?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற பாதையோரத்தில் ஒரு மிளகுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிளகும் ஏலமும் விளைகிற மாவட்டத்தில் அப்படியொரு கடையைக் கற்பனை செய்வது கடினமல்ல. கடைக்காரர் தன் கையிலிருந்து 50,000 ரூபாய் போட்டுத் தொழிலைத் தொடங்குகிறார். இதை ஏட்டில் ஏற்றும்படி இரண்டு பிள்ளைகளிடம் கேட்போம். ஒருவர் இலங்கையில் உயர்தரத்துக்குக் கணக்கீடு படித்தவர். மற்றவர் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர். முதலாமவர் “காசுக் கணக்கு வரவு, மூலதனக் கணக்கு செலவு” என்று எழுதுவார். இரண்டாமவர் “ரொக்கக் கணக்கு பற்று, முதல் கணக்கு வரவு” என்று எழுதுவார்.

இரண்டும் சரி. இரண்டு பேரும் காசை இடப்பக்கத்தில்தான் பதிந்திருக்கிறார்கள், மூலதனத்தை வலப்பக்கத்தில்தான் பதிந்திருக்கிறார்கள். தொகையிலோ பக்கத்திலோ வித்தியாசம் இல்லை. ஆனால் ‘வரவு’ என்ற ஒரே சொல் பாக்கு நீரிணையின் தென்கரையில் டெபிட் ஆகவும் வடகரையில் கிரெடிட் ஆகவும் நிற்கிறது. காசு–ரொக்கம், கணக்காய்வு–தணிக்கை என்று நமக்குள் சொல் வேறுபடுவது சாதாரணம், கேட்டவுடன் புரிந்துவிடும். இது அந்த வகையல்ல. ஒரே சொல் நேரெதிர்ப் பொருளில் ஆளப்படுகிறது, அதுவும் பாடத்தின் அடித்தளத்திலேயே. ரத்தோட்டையில் படிக்கும் ஒரு மாணவி கைத்தொலைபேசியில் சென்னை ஆசிரியர் ஒருவரின் காணொளிப் பாடத்தைத் திறந்தால், அவர் சொல்லும் ஒவ்வொரு ‘வரவை’யும் தலைகீழாக மாற்றித்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த மொழிபெயர்ப்பு மேலானது என்று ஒரு தடவையாவது முறையாக நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

இந்தச் சிக்கல் தமிழில் தொடங்கியதல்ல. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டார். அதன் பெயர் ‘சும்மா’ என்று தொடங்கும். தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக இருந்தாலும் இலத்தீனில் அது ‘முழுத்தொகுப்பு’ என்று பொருள்படும். நூலின் ஒரு பகுதி வெனிஸ் வணிகர் கணக்கு எழுதும் முறையை விளக்கியது. இரட்டைப்பதிவை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டுக் கணக்கேடுகளிலேயே அது இருக்கிறது. நடப்பிலிருந்ததை அவர் அச்சில் ஏற்றினார், அது ஐரோப்பா முழுதும் பரவியது. அந்தக் காலத்து இத்தாலியப் பேரேட்டில் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் இடப்புறம் ‘தர வேண்டும்’ என்றும் வலப்புறம் ‘பெற வேண்டும்’ என்றும் எழுதியிருக்கும். இன்றும் இத்தாலியில் ‘தாரே’, ‘அவேரே’ என்றுதான் இரண்டு பக்கங்களுக்கும் பெயர்: தருதல், கொண்டிருத்தல். ஒரு மனிதருக்கும் கடைக்கும் இடையிலான கடன் உறவை அந்த மனிதரின் பக்கம் நின்று சொல்லும் சொற்கள் இவை.

மனிதருக்குப் பொருந்திய சொல் பெட்டிக்குப் பொருந்துமா? காசுப்பெட்டிக்கும் சரக்குக்கும் தனிப்பக்கம் திறந்த நாளிலேயே அந்தத் தொல்லை தொடங்கிவிட்டது. பெட்டிக்குள் நூறு நாணயம் விழுந்தால் ‘பெட்டி நூறு தர வேண்டும்’ என்று எழுத வேண்டும். பெட்டியை ஒரு ஆளாகப் பாவித்தால்தான் இது ஓடும். வெனிஸ்காரர்கள் பாவித்தார்கள், ஓடியது.

மற்ற மொழிக்காரர்கள் இதை இரண்டு விதமாகக் கையாண்டார்கள். ஜெர்மானியர் ‘சோல்’, ‘ஹாபென்’ என்றும் பிரெஞ்சுக்காரர் ‘துவா’, ‘அவுவார்’ என்றும் தத்தம் வீட்டுச் சொற்களைப் போட்டார்கள். பொருள் கண்ணுக்குத் தெரியும் சொற்கள் அவை, கூடவே அதே பழைய நெருடலும் வந்தது. ஆங்கிலேயர் இலத்தீன் வழிவந்த டெட்டர், கிரெடிட்டர் என்ற சொற்களில் நின்றார்கள். 1553-இல் ஜேம்ஸ் பீல் என்பவர் இலண்டனில் வெளியிட்ட கணக்கு நூலில், வாங்கியது கொடுத்ததற்குக் கடன்பட்டது என்ற விதியை மாணவர் மனப்பாடம் செய்யச் செய்யுளாகவே தந்தார். டெபிட் என்ற சொல்லில் இல்லாத ‘ஆர்’ எழுத்து ‘டி.ஆர்.’ என்ற குறிக்குள் எப்படி வந்தது என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. டெட்டர் என்பதன் முதலெழுத்தும் கடையெழுத்தும் என்பதே வழக்கமான விளக்கம். காலப்போக்கில் ஆங்கிலத்தில் அந்தச் சொற்கள் தேய்ந்து, டெபிட் என்றால் இடப்பக்கம், கிரெடிட் என்றால் வலப்பக்கம் என்ற அளவுக்கு வெறும் குறிகளாகிவிட்டன. ஆங்கில மாணவருக்கு அது பெரிய சலுகை. சொல் அவரை எங்கும் இழுத்துச் செல்வதில்லை.

தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை. வரவு, செலவு, பற்று மூன்றும் சந்தையிலும் சமையலறையிலும் உயிரோடு நடமாடும் சொற்கள். அவற்றைக் கலைச்சொல்லாக்கினால் அவற்றின் பழைய வாழ்க்கையும் கூடவே வகுப்பறைக்குள் வந்துவிடும். ஆகவே கேள்வி இதுதான்: எந்தச் சோடியின் பழைய வாழ்க்கை கணக்குக்குக் குறைவாகக் குறுக்கே நிற்கிறது?

இலங்கைச் சோடிக்கு முதலில் நியாயம் செய்வோம். வரவு–செலவு என்பதைச் சோம்பேறித்தனமான மொழிபெயர்ப்பு என்று தள்ளிவிட முடியாது. செலவு என்ற சொல்லின் மூலப்பொருள் பணம் கரைவதல்ல, செல்லுதல். அகப்பாடல்களில் தலைவன் பிரிந்து செல்லத் துணிந்து பின் தயங்குவதைச் ‘செலவழுங்குதல்’ என்பார்கள். அந்த வேரில் நின்று பார்த்தால் வருவது வரவு, செல்வது செலவு. உள்ளே வருவதை டெபிட் செய், வெளியே செல்வதை கிரெடிட் செய் என்ற ஆங்கிலப் பாடநூல் விதியின் அச்சு அசலான தமிழ் அது. மிளகு விற்றால் காசு வருகிறது, மிளகு செல்கிறது. கூலி கொடுத்தால் உழைப்பு வருகிறது, காசு செல்கிறது. இப்படிப் படித்தால் சம்பளக் கணக்கை வரவு வைப்பதில்கூட முரண் இல்லை. பள்ளியில் பிள்ளை முதலில் தொடும் ஏடு காசேடு. அதில் இந்தச் சோடி குழந்தைக்கும் புரியும். இதே வேர்களிலிருந்து வருமதி, சென்மதி என்ற இரண்டு அருமையான சொற்களையும் இலங்கைத் தமிழ் வளர்த்துக்கொண்டது. இனி நமக்கு வர வேண்டியது வருமதி, நம்மிடமிருந்து செல்ல வேண்டியது சென்மதி. முன்னது இடப்பக்க மீதி, பின்னது வலப்பக்க மீதி. சோடி குலையாமல் ஒரு குடும்பமாக நிற்கிறது.

ஆனால் செலவு என்றதும் இன்று யாருக்கும் செலவழுங்குதல் நினைவுக்கு வருவதில்லை. சங்கப் புலவருக்கு அது பயணம். ரிவர்ஸ்டன் பாதையில் வான் ஓட்டுகிறவருக்கு அது டீசல் பில். மிளகுக் கடையிலேயே இரண்டொரு நாள் கணக்கைப் பார்ப்போம். தோட்டக்காரர் ஒருவரிடம் 20,000 ரூபாய்க்கு மிளகு கடனுக்கு வாங்குகிறார்கள். இலங்கை முறையில் கொள்வனவுக் கணக்கு வரவு, கடன்கொடுத்தவர் கணக்கு செலவு. காசு ஒரு சதமும் கைமாறவில்லை. மிளகு கொடுத்த மனிதரின் பெயருக்கு எதிரே ஏன் செலவு என்று பிள்ளை கேட்டால், ஆசிரியர் ‘அவரிடமிருந்து சென்றது’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். அடுத்து, மிளகு காயவைக்க வந்தவருக்கு 3,000 ரூபாய் கூலி. கூலி எந்தக் கடையிலும் செலவுதான். ஏட்டிலோ கூலிக் கணக்கு வரவு. பிறகு மாத்தளை வியாபாரி ஒருவருக்கு 30,000 ரூபாய்க்கு மிளகு கடனுக்கு விற்கிறார்கள். வியாபாரி கணக்கு வரவு, விற்பனை செலவு.

இந்த ‘விற்பனை செலவு’ என்ற பதிவின் பக்கத்தில் ‘விற்பனைச் செலவு’ என்ற இன்னொன்றை வைத்துப் பாருங்கள். முன்னது விற்பனைக் கணக்கு கிரெடிட் செய்யப்பட்டது என்ற செய்தி, அதாவது கடைக்கு வருமானம். பின்னது சாக்கு, வான் கூலி என்று விற்பதற்கு ஆன செலவு, அதாவது கடைக்கு இழப்பு. இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு ‘ச்’. சந்தி மிகாமல் எழுதுவது பரவிவிட்ட காலத்தில் அந்த ‘ச்’சை நம்பி ஒரு பாடத்தை நடத்த முடியாது. பாடநூலாசிரியர்களுக்கும் இது தெரியாமலில்லை. அதனால்தான் சில இடங்களில் ‘செலவினம்’ என்று நீட்டி எழுதுகிறார்கள். ஆனால் அதே நூலின் இன்னொரு அத்தியாயத்தில், ஏற்பட்டும் இன்னும் கொடுக்கப்படாதவற்றுக்கு ‘அட்டுறு செலவுகள்’ என்று வந்து நிற்கும். கட்டிய வேலியை அவர்களே கடந்துவிடுகிறார்கள்.

கணக்குகளை ஐந்து வகையாகப் பிரிப்பது இன்றைய வழக்கம்: சொத்து, பொறுப்பு, உரிமையாண்மை, வருமானம், செலவினம். வரவு–செலவு என்ற சோடி சாதாரணத் தமிழ்ப் பொருளோடு இயல்பாக ஒத்துப்போவது இவற்றில் சொத்துக்கு மட்டும். வருமானமும் செலவினமும் நேரெதிராகப் போகின்றன: வருமானம் கூடினால் செலவு வை, செலவினம் கூடினால் வரவு வை. மூலதனமும் கடனும் கடைக்குள் வந்தவை, ஆனாலும் அவற்றுக்குச் செலவு. ஐந்தில் ஒன்றில் மட்டும் பழைய பழக்கம் கைகொடுக்கிறது. மற்ற நான்கிலும் பிள்ளை தன் மொழியறிவை ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடுமையான சாட்சி ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வாசிக்கப்படுகிறது. இலங்கையில் பட்ஜெட்டுக்குப் பெயர் வரவு செலவுத் திட்டம். அங்கே வரவு என்றால் அரசின் வருமானம், செலவு என்றால் அரசின் செலவினம். அதே வருமானம் பேரேட்டில் செலவுப் பக்கத்தில் ஏறும், அதே செலவினம் வரவுப் பக்கத்தில் ஏறும். நாட்டுக்கு ஒரு பொருள், ஏட்டுக்கு அதன் மறுபொருள். சிங்கள மொழியில் இந்த மோதல் இல்லை. பட்ஜெட் அவர்களுக்கு ‘அயவெய’. டெபிட், கிரெடிட் இரண்டும் ‘ஹர’, ‘பெர’. வருமானத்துக்கும் செலவுக்கும் வேறு சொற்கள். ஒரே பரீட்சை, ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். சிங்களத்தில் எழுதும் பிள்ளைக்கு விதியை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தமிழில் எழுதும் பிள்ளை விதியோடு சேர்த்துத் தன் தாய்மொழியோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்புக் குறை என்று நாம் எளிதாகக் கடந்துபோவது அவளுக்கு இரட்டை வேலையாகிறது.

இனித் தமிழ்நாட்டுச் சோடி. பற்று–வரவு என்பதை யாரும் மேசையில் உட்கார்ந்து உருவாக்கவில்லை. மளிகைக் கடைக் கொப்பியிலிருந்தும் செட்டியார் பேரேட்டிலிருந்தும் வந்த சொற்கள் அவை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, மலாயாவோடு கொழும்புச் செட்டியார் தெருவிலும் வட்டிக்கடை வைத்து, எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதினார்கள். அந்த முறையில் ஒருவரின் பக்கத்தில் அவர் வாங்கிக்கொண்டது பற்று, அவரிடமிருந்து வந்தது வரவு. வெனிஸ் வணிகரின் ‘தர வேண்டும்’, ‘பெற வேண்டும்’ என்பதும் இதுவும் ஒரே உறவைத்தான் சொல்கின்றன. அங்கே வாங்கியவர் திருப்பித் தர வேண்டியதைச் சொன்னார்கள், இங்கே அவர் வாங்கியதையே சொன்னார்கள். வேறு வேறு துறைமுகங்களில் ஒரே தேவை இருந்ததால் ஒரே விடை பிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மிளகுக் கடைக் கணக்கை இந்தச் சொற்களில் மறுபடி எழுதினால், முதலாளியிடமிருந்து வந்தது 50,000, அவர் பெயரில் வரவு. தோட்டக்காரரிடமிருந்து வந்தது 20,000, அவர் பெயரில் வரவு. மாத்தளை வியாபாரி கொண்டுபோனது 30,000, அவர் பெயரில் பற்று. விற்பனையால் வந்தது 30,000, வரவு. கூலி 3,000 பற்று. பற்று என்ற சொல் செலவினத்தோடு மோதவில்லை, ஏனென்றால் அதற்கு அன்றாடத்தில் அந்தப் பொருள் கிடையாது. பொறுப்பு, உரிமையாண்மை, வருமானம் மூன்றிலும் வரவு என்ற சொல் தன் இயல்பான பொருளிலேயே நிற்கிறது. கடன்பட்டோர் கணக்கில் பற்று கச்சிதமாக உட்கார்கிறது.

ஒரே ஒரு இடத்தில் இது பலமாகச் சறுக்குகிறது, அதுவும் காசுக் கணக்கில். கல்லாவுக்குள் காசு விழுந்தால் ரொக்கக் கணக்கு பற்று. கல்லாவிலிருந்து கூலி கொடுத்தால் ரொக்கக் கணக்கு வரவு. காசு வெளியே போகும்போது வரவு என்று எழுதச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் உறுத்தும். பெட்டியை ஆளாகப் பாவிக்க வேண்டிய பழைய வெனிஸ் தொல்லையே இது. பழைய தமிழ்க் கடைமுறையில் இந்த உறுத்தல் அவ்வளவாக எழுந்திருக்காது. நாள்வழியில் ‘முருகன் வரவு’ என்று எழுதினால் அது காசு வந்ததையும் சொல்லும், முருகன் பெயரில் ஏற வேண்டிய பக்கத்தையும் சொல்லும். காசுப்பெட்டியைத் தனி ஆளாக்கிப் பேச வேண்டிய அவசியமில்லை. மேல்நாட்டு இரட்டைப்பதிவு வந்து காசுக்கும் ஒரு கணக்கைத் திறந்தபோதுதான், ‘முருகன் வரவு’ என்பதில் உள்ள வரவு முருகனுக்கா காசுக்கா என்ற கேள்வி பிறந்தது. தமிழ்நாடு முருகனுக்கு என்றது, இலங்கை காசுக்கு என்றது. நேரெதிர்ப் பொருள் பிறந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். இரு தரப்பும் ஒரே வரியைத்தான் படித்தார்கள்.

நம் மிளகுக் கடை இருக்கும் மலைநாட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்தால், தராசு மனிதரின் பக்கமே சாய்கிறது. கோப்பிக் காலத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கூலிகளுக்கு முதன்முதலில் அறிமுகமான கணக்கு காசேடு அல்ல. கங்காணியின் ஏட்டில் தன் பெயருக்கு எதிரே ஏறிய கடன்தான் அது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று ஆள் வாங்கியதெல்லாம் அவர் பெயரில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் தமிழ்ச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே துரைமாரின் ஆங்கிலத்துக்குள்ளும் சட்டப் பேச்சுக்குள்ளும் நுழைந்தது. 1921-இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள். கணக்குச் சொல் எப்போதும் மேற்கிலிருந்துதான் வந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த ஒரு துண்டு போதும். ஏட்டின் ஒரு பக்கம் ஆளை எப்படிக் கட்டிப்போடும் என்பது இந்த மக்களுக்குப் பாடநூலுக்கு வெகுமுன்பே தெரியும். ‘அவர் வாங்கியது, அவரிடமிருந்து வந்தது’ என்ற விளக்கம் இங்கே எடுபடும்.

பற்று என்ற சொல் இலங்கைக்கு அந்நியம் என்ற எதிர்வாதமும் நிற்காது. வங்கியில் நம் பணத்துக்கு மேல் எடுத்தால் அதற்கு இலங்கைப் பாடநூலே ‘வங்கி மேலதிகப்பற்று’ என்கிறது. வாடிக்கையாளர் பற்றிக்கொண்டது என்ற பழைய பொருள் அங்கே கலையாமல் இருக்கிறது. பணம் பெற்றதற்குத் தரும் சீட்டு பற்றுச்சீட்டு. டெபிட் என்ற தலைப்பில் மட்டும் அந்தச் சொல்லைக் காணோம்.

வங்கி என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகையோ பயிர் நிவாரணமோ ‘வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது’ என்று செய்தித்தாள் எழுதும். வங்கி வாடிக்கையாளரை கிரெடிட் செய்கிறது, பாடநூலும் அதை வரவு என்றே சொல்கிறது. இரண்டும் பொருந்துகின்றன. இலங்கையில் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவைப் பற்றி எழுதும்போது நம் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘வைப்பிலிடப்படும்’ என்கின்றன. நல்ல சொல், புத்திசாலித்தனமான விலகலும்கூட. ஏனென்றால் பாடநூல்படி வங்கியின் ஏட்டில் அந்தப் பயனாளியின் கணக்கு செலவு வைக்கப்படுகிறது. ‘உங்கள் கணக்கில் 10,000 ரூபாய் செலவு வைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி போனால் அன்று வங்கி வாசலில் ஒரு கூட்டம் கூடும். கலைச்சொல் பொதுமக்களிடம் வாய்திறந்து பேசவே முடியாத நிலையில் இருக்கிறதென்றால், அது தன் வேலையைப் பாதிதான் செய்கிறது.

ஆகவே இந்த ஒரு சோடியில் தீர்ப்பு தெளிவானது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் பற்று–வரவு மேலானது, வரவு–செலவு தோற்கிறது. அதன் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தன் வீட்டுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் வருமானம், செலவு என்ற பொருள்களோடு ஓயாமல் முட்டிக்கொள்வதால் தோற்கிறது.

இந்தத் தீர்ப்பை இலங்கைக் கணக்கீட்டுத் தமிழ் முழுவதற்கும் நீட்டினால் அது பெரிய அநியாயம். மற்ற சொற்களில் பெரும்பாலும் எதிர்த் திசையில்தான் மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது. வருமதி, சென்மதிக்கு ஈடாகத் தமிழ்நாட்டுப் பாடநூல் தரும் சொற்கள் நீளமானவை, நாவில் ஒட்டாதவை. தமிழ்நாட்டின் தேய்மானம் சுருக்கமான சொல்தான், ஆனால் இலங்கையின் பெறுமானத் தேய்வு சரியான சொல். தேய்வது பொறி அல்ல, அதன் பெறுமானம் என்பதைச் சொல்லே கற்பித்துவிடுகிறது. கணக்காய்வு என்பதில் வேலை முழுவதும் இருக்கிறது. தணிக்கை என்றால் சினிமாப் படத்தில் வெட்டுவதும் அதுவே. ‘ட்ரயல் பேலன்ஸ்’க்குத் தமிழ்நாடு சொல்லும் இருப்பாய்வு மட்டும் நம் பரீட்சை மீதியை வெல்லும். பரீட்சை மீதி என்பது பரீட்சை எழுதி முடித்தபின் மிஞ்சியதைப் போலவே என் காதில் விழுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக இலங்கைத் தமிழ் நெடுங்காலம் காத்து வைத்திருந்தது, ‘பேலன்ஸ் ஷீட்’டுக்கு ஐந்தொகை என்ற சொல்லை. செட்டியார் கணக்கு வழக்கிலும் இருந்த பழஞ்சொல். தமிழ்நாட்டுப் பாடநூல் அதைக் கைவிட்டு இருப்புநிலைக் குறிப்பு என்றது, நாம் விடவில்லை. பிறகு நாமும் விட்டோம். சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 2007-இல் திருத்தப்பட்டபோது ஆங்கிலத்தில் பழைய பெயரை மாற்றினார்கள். இலங்கைக் கணக்கீட்டு நியமங்கள் 2012 ஜனவரி முதல் சர்வதேச நியமங்களோடு முழுதாக இணைந்தபின், நம் நூல்களில் ‘நிதிநிலைமைக் கூற்று’ வந்து உட்கார்ந்தது. ஆங்கிலப் பெயர் மாறியதற்கு ஆங்கிலத்தில் காரணம் இருந்தது. அந்தப் பழைய பெயர் இரண்டு பக்கமும் சமப்படுவதை மட்டும் சொல்கிறது, கூற்றின் உள்ளடக்கத்தையோ நோக்கத்தையோ சொல்லவில்லை என்று அவர்கள் கருதினார்கள். ஐந்தொகை என்ற பெயரில் சமப்படுதல் என்ற பேச்சே இல்லை. அங்கே இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து ஒரு நல்ல சொல்லைப் படுக்கையில் போட்டுவிட்டோம். நியமத்தின் பொருளை ஏற்றுக்கொண்டு பழைய பெயரை வைத்திருக்கலாம். ஆங்கிலம் பேசுகிற கணக்காளர்களே இன்றும் பேச்சில் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சரி, பற்று–வரவு மேலானது என்றால் இலங்கைப் பாடத்திட்டம் நாளைக்கே அதற்கு மாற வேண்டுமா? கூடாது என்பேன். இது காசு என்பதை ரொக்கம் என்று மாற்றுவது போன்ற மாற்றமல்ல. வரவு என்ற அதே சொல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தாவும். மாறிய ஆண்டில் ‘காசுக் கணக்கு வரவு’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அவள் பழைய முறையில் சரியாக எழுதினாளா புதிய முறையில் பிழையாக எழுதினாளா என்று திருத்துபவருக்குத் தெரியாது. பத்தாண்டு காலக் கடந்த வினாத்தாள்கள், விடைப் புத்தகங்கள், தனியார் வகுப்புக் குறிப்புகள் அனைத்தும் பொய் பேசத் தொடங்கும். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் அண்ணன் படித்த பழைய புத்தகம் தங்கைக்குப் போவது வழக்கம். அங்கே இந்த மாற்றம் கொழும்பை விடப் பல ஆண்டு பிந்தித்தான் போய்ச் சேரும், அதுவரை இரண்டு முறையும் ஒரே மேசையில் கிடக்கும். கெட்ட சொல்லை மாற்றுவதால் வரும் கேடு அதை வைத்திருப்பதால் வருவதை விடப் பெரிது.

‘டெபிட்’, ‘கிரெடிட்’ என்றே தமிழில் எழுதிவிடலாமே என்பார்கள் சிலர். கொழும்புக் கணக்காய்வு அலுவலகங்களில் தமிழர்கள் வாயில் புழங்குவது அவைதான். எனக்கு இதில் கொள்கை எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர் இலத்தீனை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது போல் நாமும் இருக்கலாம். ஆனால் பேச்சில் புழங்குவதற்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை வைத்துப் பாடம் தொடங்குவதற்கும் தூரம் இருக்கிறது. உச்சரிப்பு மட்டும் தெரிந்த சொல்லை வைத்து விதியை ஒப்பிக்கலாம். ஏன் என்று கேட்டால் ஆசிரியர் கடைசியில் வருதல், செல்லுதல், வாங்குதல், கொடுத்தல் என்ற தமிழ் வினைகளுக்குத்தான் திரும்ப வேண்டும்.

செய்யக்கூடியது, இருக்கும் சோடியை வைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள குழப்பத்தைத் துடைப்பது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் நூல்களில் கிரெடிட்டைத் தவிர வேறு எதற்கும் செலவு என்ற சொல்லை ஆளவே கூடாது. செலவினம் என்றால் எல்லா அத்தியாயத்திலும் செலவினம், ‘அட்டுறு செலவினம்’ உட்பட. பதிவுகளில் ‘விற்பனை செலவு’ என்று தொடராக எழுதாமல் ‘விற்பனைக் கணக்கு – செலவு’ என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். முதல் பாடத்திலேயே, இங்கே செலவு என்றால் செல்லுதல், பணக்கரைவு அல்ல என்று ஒரு பந்தி வேண்டும். அதற்குக் கீழே, தமிழ்நாட்டு நூல்களில் இதே இரண்டு பக்கங்களும் பற்று, வரவு என்று வழங்கும், அங்கே வரவு என்பது வலப்பக்கம் என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும். ரத்தோட்டை மாணவி காணொளியைத் திறக்கும்போது எந்தச் சொல்லைத் திருப்பிப் போட வேண்டும் என்று தெரிந்துகொண்டே திறப்பாள்.